பழைய வாக்காளர் பட்டியலில் குடும்பத்தைத் தேடுவது எப்படி?

தமிழ்நாட்டின் 2002, 2005 வாக்காளர் பட்டியல்கள் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கின்றன. அவற்றில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள்.

முதலில் தொகுதி. இன்றைய தொகுதிப் பெயரை நம்பித் தேடினால் ஊரே சிக்காது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் எல்லைகள் மாறின. சாத்தான்குளம், சேரன்மகாதேவி போன்ற சட்டமன்றத் தொகுதிகள் இல்லாமலே போயின. ஊர் அன்று எந்தத் தொகுதியில் இருந்தது என்று பார்த்து, பிறகு தெருவை வைத்துப் பாகம் எண்ணை, அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியல் பகுதியின் எண்ணைப் பிடியுங்கள்.

பல கோப்புகள் வெறும் படங்கள், அல்லது பழைய எழுத்துருவில் அடித்தவை. பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் வராது. கண்ணால்தான் படிக்க வேண்டும். பெயர்கள் அகரவரிசையில் இல்லாமல் வீட்டு எண் வரிசையில் இருப்பது நமக்கு நல்லதுதான், ஒரு வீட்டார் சேர்ந்தே கிடைப்பார்கள். ஆனால் வாடகைக் குடித்தனங்களும் அதே எண்ணில் வரும். பழைய எண், புதிய எண் குழப்பமும் உண்டு.

பலரும் தடுமாறும் இடம் உறவினர் பெயர். பெண்ணுக்கு ஒரு பட்டியலில் தந்தை பெயரும் அடுத்ததில் கணவர் பெயரும் இருந்தால், திருமணம் பெரும்பாலும் அந்த இடைவெளியில் நடந்திருக்கும். தலைப்பெழுத்தும் அப்போது மாறியிருக்கலாம் என்பதால், ஒரே பெண்ணை இரண்டு பேராக எண்ணிவிடாதீர்கள். கணவர் பெயர் இருப்பதாலேயே அவர் அப்போது உயிரோடு இருந்தார் என்று எழுதிவிடக் கூடாது. கைம்பெண்களுக்கும் கணவர் பெயரையே போடுவார்கள். அதே வீட்டில் கணவருக்கெனத் தனி வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தப் பட்டியல்களில் உள்ள வயது, வாக்காளராகும் தகுதியைக் கணக்கிடும் நாளான ஜனவரி 1 அன்றைய கணக்கு. 1-1-2002-இல் 34 என்றால் பிறப்பு 2-1-1967-க்கும் 1-1-1968-க்கும் இடையில். அதுவும் சொன்ன வயது சரியாக இருந்தால்தான். 50, 55, 60 என்று முழுசாக வரும் வயதுகளில் உத்தேசம் அதிகம்.

குறித்துக்கொள்ள எக்செல் போதும்: ஆளுக்கு, ஆண்டுக்கு ஒரு வரி. தொகுதி, பாகம் எண், வரிசை எண், வீட்டு எண், வயது ஆகியவற்றை அச்சில் உள்ளபடியே பதியுங்கள். வம்சாவளி மென்பொருளில் அவசரப்பட்டு ஏற்ற வேண்டாம்; உத்தேசப் பிறந்த ஆண்டு அங்கே உறுதியான ஆண்டாக உட்கார்ந்துவிடும்.

பெயரே இல்லையா? 1989-க்கு முன் வாக்குரிமை வயது 21. சுதந்திரத்துக்கு முந்தைய சென்னை மாகாணத்தில் சொத்து, வரி, கல்வி போன்ற தகுதி வேண்டும். பெரும்பாலோர் பட்டியலிலேயே ஏறவில்லை. பிந்தைய பட்டியல் என்றால் கடைசியில் உள்ள துணைப்பட்டியலையும் புரட்டுங்கள். சேர்த்தல், நீக்கல், திருத்தம் அங்கேதான் இருக்கும். நீக்கலுக்கு இறப்பு மட்டுமே காரணமல்ல, இடம் மாறினாலும் நீக்குவார்கள்.