வென்ட்: எங்கே வரும், எங்கே வராது

'ஐ டிட் நாட் வென்ட்.' ஆங்கிலம் பழகுபவர்களிடம் நான் அதிகம் பார்த்த பிழை இதுதான். போன வாரம்கூட, வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி ஒருவர் எழுதிக் காட்டிய கடிதத்தில் இருந்தது. "நடந்து முடிந்த விஷயம்தானே அண்ணா, அப்போ வென்ட்தானே வரணும்?" என்றார். நியாயமான கேள்வி. பதில் தமிழிலேயே இருக்கிறது.

'போனேன்' என்கிறோம். ஆனால் மறுக்கும்போது 'போனேன் இல்லை' என்று யாரும் சொல்வதில்லை, 'போகவில்லை' என்கிறோம். 'இல்லை' வந்ததும் 'போனேன்' வெறும் 'போக' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் டிட் வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்ளும். பின்னால் வருவது வெறும் கோ. 'ஐ டிட் நாட் கோ', 'டிட் யூ கோ?' இதைச் சொன்னதும் தம்பி தன் கடிதத்தில் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, மேலே கோ என்று எழுதினார். 'யார் போனது?' என்று கேட்கும்போது மட்டும் டிட் வேண்டாம். அங்கே 'ஹூ வென்ட்?' என்பதே சரி.

அடுத்த பிழை 'ஐ ஹாவ் வென்ட்'. இதற்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு உண்டு. வென்ட் முதலில் கோவுக்குச் சொந்தமானதே இல்லை. திரும்புவது, வழி நடப்பது என்ற பொருளில் இருந்த வேறொரு பழைய வினைச்சொல்லின் இறந்தகாலம் அது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில், கோவுக்கு அதுவரை இருந்த இறந்தகாலச் சொல்லை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தைப் பிடித்தது. பிடித்தது அந்த ஓர் இடத்தை மட்டும்தான். ஹாவ், ஹாஸ், ஹாட் ஆகியவற்றுக்குப் பின்னால், கோவின் மூன்றாவது வடிவமான கான் (gone) அப்படியே நின்றுவிட்டது. அதனால் 'ஐ ஹாவ் கான்'.

உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 'அவர் நூலகத்துக்குப் போயிருக்கிறார்' என்றால் ஆள் இன்னும் திரும்பவில்லை. 'அவர் பல நாடுகளுக்குப் போயிருக்கிறார்' என்றால் போய்விட்டு வந்தாயிற்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். ஆங்கிலம் பிரித்துவிடுகிறது: முதலாவது 'ஹாஸ் கான்', இரண்டாவது 'ஹாஸ் பீன்'. எதிரே உட்கார்ந்திருப்பவர் 'ஐ ஹாவ் கான் டு மெனி கன்ட்ரீஸ்' என்றால் கேட்பவருக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். அப்புறம், நேற்று, போன வருடம் என்று காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ஹாவ் வேண்டாம்; நேராக வென்ட் போட்டுவிடுங்கள்.

வீட்டுக்குப் போனேன் என்பது 'ஐ வென்ட் ஹோம்'. நடுவில் டு வராது. 'வென்ட் ஷாப்பிங்' என்பதிலும் அப்படியே.

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு, நகராமலே போவது. 'காணாமல் போனது' என்பதை ஆங்கிலமும் 'வென்ட் மிஸ்ஸிங்' என்கிறது. பால் கெட்டுப்போனால் 'வென்ட் பேட்'. இந்த ஒற்றுமை மகிழ்ச்சி தரும், ஆனால் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. பயந்துபோனேன் என்பதை 'ஐ வென்ட் ஸ்கேர்ட்' என்று சொல்ல முடியாது. 'ஐ காட் ஸ்கேர்ட்' என்றே வரும். ஒடிந்துபோனது என்பதற்கு வென்ட்டே தேவையில்லை, 'இட் ப்ரோக்' போதும்.