சின்னப் பதிப்பகத்தைப் பேப்பரில் வரவைப்பது எப்படி?

கும்பகோணத்தில் வீட்டின் பின்கட்டு அறையில் பதிப்பகம் நடத்துகிறேன். எழுதியவரே செலவை ஏற்றுக்கொள்வார். பிழைதிருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை, அச்சகத்துக்கு அலைவது எல்லாம் என் வேலை. ஒரு புத்தகம் இருநூறு, முந்நூறு படிகள், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன்பு ஒரு நாளிதழில் எங்கள் புத்தகம் ஒன்றைப் பற்றி அரைப்பக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. கையில் இருந்ததோ பதினொரு படிகள். மீதி பைண்டிங்கில், பைண்டிங் கடைக்கு அன்று லீவு. புதன்கிழமை புத்தகம் வந்து நான் திரும்பக் கூப்பிட்டபோது பாதிப் பேருக்கு எந்தப் புத்தகம் என்றே மறந்துபோயிருந்தது. அதனால் இந்தச் செய்முறையை நிருபரிடமிருந்து தொடங்காமல் பரணிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: சரக்கு கையில் இருக்கட்டும்

ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு (ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய சர்வதேச அடையாள எண்) பக்க வடிவமைப்பு முடியும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையம் வழியாகவே தருகிறது. கட்டணம் கிடையாது. "வாங்கித் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்று யாராவது சொன்னால் அது அவருடைய கூலி. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, அப்புறம் மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு படி நம் செலவில் அனுப்ப வேண்டும். மதிப்புரைக்குப் போகும் படிகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டு அச்சுக்குக் கொடுங்கள்.

கைமுதல் இல்லையென்றால் முன்பதிவு வாங்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. இதே கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்தபடி 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் முன்கூட்டியே கையொப்பம், அதாவது முன்பதிவு, வாங்கித்தான் சமாளித்தார்.

இரண்டாம் படி: செய்தி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். புத்தகம் வெளிவந்தது நமக்குத் திருவிழா; நிருபருக்கு அது வாரத்தில் நாலு வரும் சமாச்சாரம். நான் முதலில் எழுதி அனுப்பியது இது:

"ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை ஊழியர் எழுதிய நூலின் வெளியீட்டு விழா தனியார் திருமண மண்டபத்தில் சிறப்பாக நடைபெற்றது."

எங்கேயும் வரவில்லை. வராததில் நியாயம் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து இப்படி மாற்றினேன்:

"வெண்ணாற்று மதகு ஒன்றில் 31 வருடம் ஷட்டர் ஏற்றி இறக்கிய லஸ்கர், தினமும் தண்ணீர் மட்டம் குறித்துவைத்த நோட்டுகளை 68 வயதில் புத்தகமாக்கியிருக்கிறார்."

மதியமே நிருபரிடமிருந்து போன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த நோட்டெல்லாம் இன்னும் இருக்கா சார்?" இருந்தது. காக்கி அட்டை போட்ட நோட்டுகள், ஓரம் எலி கடித்தவை, நடுநடுவே அடையாளத்துக்குச் செருகிய பழைய பஸ் டிக்கெட். அந்த நோட்டுகளின் படம்தான் பேப்பரில் பெரிதாக வந்தது. புத்தக அட்டை மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது.

உங்கள் ஆசிரியரிடம் போய் உட்காருங்கள். புத்தகத்தைப் பற்றிக் கேட்காமல், இதை எதில் எழுதினீர்கள், எப்போது எழுதினீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: ஒரு பக்கக் குறிப்பும் இரண்டு படமும்

குறிப்பு ஒரு பக்கம் தாண்டக் கூடாது. யூனிகோடில் அடியுங்கள், வானவில், பாமினி என்று பழைய எழுத்துருவில் அனுப்பினால் அவர்கள் போனில் கொக்கி கொக்கியாகத்தான் தெரியும். கடைசியில் விலை, பக்கம், போன் நம்பர். நம்பரை வேறொருவரை விட்டு வாசித்துச் சரிபாருங்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தரம் குறையாது. பொன்னாடை போர்த்தி வரிசையாக நிற்கிற படம் வேண்டாம். ஆசிரியர் அவருடைய இடத்தில், அவருடைய பொருளோடு இருக்கட்டும்.

நான்காம் படி: நேரம் பார்த்து அனுப்புங்கள்

சென்னை அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். உங்கள் ஊர்ப் பகுதி நிருபர் யார் என்று ஏஜென்டிடமோ, பேப்பர் போடும் தம்பியிடமோ கேட்டாலே தெரிந்துவிடும். முற்பகலில் பேசுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள், அன்று யாரும் காது கொடுக்கமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மாவட்டப் பக்கம் முழுக்க மூழ்கிய சம்பாப் பயிர்தான், நம்முடையது காத்திருக்கட்டும். லஸ்கர் புத்தகத்தை நான் இரண்டாம் முறை அனுப்பியது ஜூன் 12-ஐ ஒட்டிய வாரத்தில். மேட்டூர் திறப்பதை எதிர்பார்த்து எல்லோரும் தண்ணீர்க் கதை தேடிக்கொண்டிருந்த நேரம்.

நிருபருக்குப் பணக் கவர் கொடுக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், புத்தகம் ஒன்று கொடுங்கள். "விளம்பரம் போட்டால் செய்தியும் வரும்" என்று பேச்சு வந்தால் அது வேறு கணக்கு; விளம்பரம் என்றே நினைத்து முடிவெடுங்கள்.

மதிப்புரை தனிப் பாதை. பத்திரிகையின் ஆசிரியர் குழுவுக்கு இரண்டு படிகள் தபாலில் போக வேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம். காரைக்கால் பண்பலை, திருச்சி வானொலி இரண்டுக்கும் ஒரு கடிதம் போட்டுவையுங்கள்.

ஐந்தாம் படி: செய்தி வந்த அன்று

போன் பக்கத்தில் ஒரு நோட்டு. பெயர், ஊர், பின்கோடு, பணம் வந்ததா. வாங்குகிறவர்களைவிட, "சார், நானும் எழுதி வெச்சிருக்கேன்" என்பவர்கள்தான் அதிகம் கூப்பிடுவார்கள். நம் தொழிலுக்குச் சோறு போடுவது அவர்கள். ஆனால் போனில் விலை சொல்லிவிடாதீர்கள், கையெழுத்துப் பிரதியோடு நேரில் வரச் சொல்லுங்கள். ஒருவர் "சின்னப் புத்தகம்தான்" என்றதை நம்பி ஒரு தொகை சொன்னேன். மஞ்சப்பையில் அவர் கொண்டுவந்தது நானூற்றுச் சொச்சம் பக்கம், அதுவும் பொடி எழுத்தில்.