பாலி கொண்டை வாத்து: மொட்டைத் தலையை ஒதுக்காமல் இனம் பெருக்குவது எப்படி

பாலி வாத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கொண்டையைப் பற்றித்தான் கேட்பார்கள். ரன்னர் வாத்து மாதிரியே நிமிர்ந்த உடம்பு, ஓட்டமும் நடையுமான சுபாவம், பின்மண்டையில் பஞ்சுருண்டை போல ஒரு கொண்டை. ஆண் 2.3 கிலோ, பெட்டை 2 கிலோ அளவுக்கு வரும். இந்தோனேசியாவின் பாலித் தீவுதான் பூர்வீகம், 1925-ல் பிரிட்டன் வரைக்கும் போயிருக்கிறது, ஆனால் சுத்தமான இனமாக வைத்திருப்பவர்கள் எங்கேயும் குறைவு. நம் பினாங்கு வெயிலும் மழையும் அதற்குப் பழக்கமானதுதான், அதனால் வளர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. இனம் பெருக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது.

கொண்டை உள்ள ஆணையும் கொண்டை உள்ள பெட்டையையும் ஒரே பட்டியில் விடாதீர்கள். எல்லாரும் ஆசையாக முதலில் செய்வது இதைத்தான். கொண்டையைத் தரும் மரபணு ஒரு பக்கத்திலிருந்து வந்தால் கொண்டை, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். கணக்கு இப்படி: கொண்டையும் கொண்டையும் சேர்ந்தால் கருக்கூடிய நாலு முட்டையில் ஒன்று சாகும், இரண்டு கொண்டையோடு வரும், ஒன்று மொட்டைத் தலையாக, அதாவது கொண்டை இல்லாமல் வரும். கொண்டையும் மொட்டையும் சேர்ந்தால் பாதிக்குப் பாதி, மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சாகும் குஞ்சு இருக்காது. இரண்டு ஜோடியிலும் கொண்டைக் குஞ்சு கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கைதான் கிடைக்கிறது, அப்படியிருக்க எதற்கு அந்தச் சாவு? ஆகவே, அதே ரத்தத்தில் பிறந்த மொட்டைத் தலைப் பெட்டைகளைக் கறிக்கு விற்றுவிடாதீர்கள், அவைதான் உங்கள் பட்டியின் முதுகெலும்பு.

வாங்கும்போது உள்ளூரில் வளர்ப்பவரிடமே கேட்டு வாங்குங்கள். பாலேக் பூலாவ், பெனாகா, நிபோங் தெபால் பக்கம் வாத்து வளர்ப்பவர்களிடம் விசாரித்தால் யாரிடம் கொண்டை வாத்து இருக்கிறது என்று சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து முட்டையைத் தபாலில் வரவழைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம், பறவைக் காய்ச்சல் ஆபத்து இருக்கிறது, இறக்குமதி அனுமதி இல்லாமல் அது சட்டப்படி குற்றமும்கூட. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருப்பவர்கள் முதலில் மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்த பிறகு ஓடுவதைவிட அது மேல்.

பட்டிக்குக் கம்பி வலை அரை அங்குலக் கண்ணுக்கு மேல் போகக்கூடாது. இங்கே மரநாயும் மலைப்பாம்பும் இரவில் வரும், உடும்பு பகலில் வரும், வலையின் அடியை ஒரு அடி ஆழத்துக்காவது மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். குளம் தேவையில்லை, தலையை முழுதாக முக்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும் அளவுக்கு ஒரு தொட்டி போதும், ஆனால் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

ஒரு ஆணுக்கு நாலைந்து பெட்டை. இதைக் குறைக்காதீர்கள், ஏனென்றால் சேரும்போது ஆண் பெட்டையின் பின்மண்டையைத்தான் அலகால் பிடிக்கும், கொண்டையும் அங்கேதான் இருக்கிறது. பெட்டை குறைவாக இருந்தால் ஒன்றையே திரும்பத் திரும்பப் பிடித்துப் புண்ணாக்கிவிடும், நம் ஊர் வெயிலில் அந்தப் புண்ணில் ஈ மொய்த்து ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். அதனால்தான் கொண்டையை ஆண் பக்கமும், மொட்டைத் தலையைப் பெட்டை பக்கமும் வைப்பது என் வழக்கம். மரபணுக் கணக்கு எப்படி வைத்தாலும் ஒன்றுதான், பெட்டைகளின் தலை மட்டும் தப்பிக்கும்.

ஜாவா வாத்தோ வேறு வாத்தோ கூட இருந்திருந்தால், பிரித்து வைத்து மூன்று வாரம் கழித்து எடுக்கும் முட்டையைத்தான் அடை வையுங்கள். பழைய ஆணின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரம்வரை தங்கும்.

பாலிப் பெட்டை நன்றாக முட்டையிடும், அடைகாப்பதில் மட்டும் அக்கறை குறைவு. ஒரு செராத்தி (மஸ்கோவி வாத்து) பெட்டை அடையில் இருந்தால் அதன் கீழே வைத்துவிடுங்கள், அதைவிட நல்ல தாய் கிடையாது. அதன் சொந்த முட்டைக்கு 35 நாள், பாலிக்கு 28 நாள், அதனால் இரண்டையும் கலந்து வைக்காதீர்கள். செராத்தி ஆண் மட்டும் பாலிப் பட்டிக்குள் வரக்கூடாது, அந்தக் கலப்பில் பிறப்பது மலடாகத்தான் இருக்கும்.

இன்குபேட்டர் என்றால் விசிறி உள்ளது வாங்குங்கள், 37.5 டிகிரி. முட்டையை ஏழு நாளுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள், குளிர்சாதனப் பெட்டியிலும் வேண்டாம், ஏர்கான் அறையின் மூலை போதும். ஈரப்பதம்தான் இங்கே பலரைக் கவிழ்ப்பது. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பைப் பார்த்துத் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், ஆனால் பினாங்குக் காற்றே ஈரம், அதை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினாலும் உள்ளே கிட்டத்தட்ட 45 முதல் 50 சதவீதம் தானாகவே நிற்கும். முதல் 25 நாளுக்கு 55 சதவீதம் போதும் என்பதால் கொஞ்சம் தண்ணீர் விட்டாலே சரி. தண்ணீர் அதிகமானால் முட்டையின் காற்றறை பெரிதாகாமல் குஞ்சு கடைசி நேரத்தில் மூச்சுக்குத் திணறும். மீட்டரை மட்டும் நம்பாமல் எடை பாருங்கள்: 25-ம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 13 சதவீதம் போலக் குறைந்திருக்க வேண்டும். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்துக் கூமுட்டையை எடுத்துவிடுங்கள். தினம் மூன்று தடவையாவது புரட்டி, 25-ம் நாள் நிறுத்தி, ஈரத்தை 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றுங்கள். ஓட்டில் முதல் கீறல் விழுந்த பிறகு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம், உரித்து உதவப் போகாதீர்கள், ரத்தக் குழாய் அறுந்துவிடும்.

குஞ்சுக்குப் பகலில் சூடு அதிகம் வேண்டியதில்லை, முதல் வாரம் இரவில் ஒரு பல்பு. கோழிக்குஞ்சுத் தீவனம் கொடுத்தால் அதில் நியாசின் (வைட்டமின் பி3) போதாது, கால் வளைந்துவிடும், ஆகவே ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கலந்து கொடுங்கள். பூஞ்சணம் பிடித்த தீவனத்தை ஒரு கைப்பிடிகூடக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள நஞ்சை வாத்துக்குஞ்சு கோழிக்குஞ்சைவிடக் குறைவாகத்தான் தாங்கும், மழைக்காலத்தில் மூட்டை இங்கே சீக்கிரம் பூத்துவிடும். கீழே போடும் உமியும் காய்ந்ததாக இருக்கட்டும், ஈர உமியின் பூஞ்சணம் நுரையீரலுக்குப் போகும்.

அடுத்தது தேர்வு. பெரிய கொண்டைக்கு மயங்காதீர்கள். சில கொண்டை வாத்துகளுக்கு மண்டைக்குள் கொழுப்புக் கட்டி இருக்கும், அது நடையில் தெரியும்: தள்ளாடும், தலை சாயும், விழுந்தால் எழ முடியாது. ஜெர்மனியில் கொண்டை வாத்து வளர்ப்பவர்கள் செய்யும் சோதனையை நீங்களும் செய்யுங்கள். வளர்ந்த வாத்தை மெத்தென்ற தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து விடுங்கள், சில விநாடிகளில் தானே புரண்டு நிற்க வேண்டும். திணறினால், கொண்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை இனப்பெருக்கத்துக்கு எடுக்காதீர்கள்.

நெருங்கிய ரத்தம் சேராமல் இருக்க மூன்று பட்டி வையுங்கள். மகள்கள் பிறந்த பட்டியிலேயே இருக்கட்டும், மகன்களை மட்டும் வருஷா வருஷம் அடுத்த பட்டிக்கு மாற்றுங்கள், முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு, மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கு. காலில் வளையம் போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இடம் போதவில்லை என்றால் இன்னும் இரண்டு நண்பர்களைச் சேர்த்து ஆளுக்கு ஒரு பட்டி. மிஞ்சியதை வெளியே கொடுக்கும்போது கொண்டை ஆணும் மொட்டைத் தலைப் பெட்டைகளுமாகக் கொடுங்கள், வளைய எண்ணும் அப்பா அம்மா விவரமும் எழுதிய தாளோடு.