ரிசர்ச் நெட்வொர்க்ல சேர்ற சின்ன ஆஸ்பத்திரிங்க வழக்கமா சறுக்குற இடங்கள்

பெரிய மெடிக்கல் காலேஜ்லதான் ஆராய்ச்சியெல்லாம் நடக்கும்னு இன்னும் நிறைய பேர் நினைக்கிறாங்க. 1988ல வந்த ஐசிஸ்-2 டிரையல் (பேஷன்ட்டுங்ககிட்ட மருந்தைச் சோதிச்சுப் பார்க்குற ஆராய்ச்சி) இருக்கே, ஹார்ட் அட்டாக் வந்ததும் ஆஸ்பிரின் கொடுத்தா உயிர் பிழைக்கிறவங்க அதிகம்னு காட்டினது, அதுல 417 ஆஸ்பத்திரி சேர்ந்து 17,187 பேரைச் சேர்த்தாங்க, ஒரே ஆஸ்பத்திரியால நடக்குற காரியமா அது? அதனால பல ஆஸ்பத்திரி சேர்ந்து டிரையல் நடத்துற ரிசர்ச் நெட்வொர்க்குக்கு சின்ன ஆஸ்பத்திரிங்களும் கண்டிப்பா வரணும். ஆனா வந்ததும் பண்ற தப்பு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்கு.

முதல் தப்பு, என்னைக் கேட்டா பெரிய தப்பும் இதுதான், பேஷன்ட் கணக்கை ஞாபகத்துல இருந்து சொல்றது. மாசத்துக்கு எத்தனை பேரைச் சேர்க்க முடியும்னு நெட்வொர்க் கேட்கும், டாக்டர் "பத்து பேர் தாராளமா வருவாங்க"ன்னு சொல்லிடுவார். டிரையல் ஆரம்பிச்சதும் அந்தப் பத்து பேரும் எங்க போனாங்கன்னே தெரியாது. இதுக்கு, லூயி லசாக்னாங்கிற டாக்டர் பேர்ல, லசாக்னா விதின்னு பேரே வச்சிருக்காங்க. பேஷன்ட் மறையல, ஒருத்தருக்கு கிட்னி சரியில்ல, இன்னொருத்தர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறார், வேற ஒருத்தருக்கு வீடு தூரம் திரும்ப வர முடியாது, இப்படி ஒவ்வொருத்தரா கழிஞ்சு போறாங்க. போன ஆறு மாச அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்து புரோட்டோகால்ல (டிரையலை எப்படி நடத்தணும்னு எழுதி வச்ச திட்டம்) இருக்குற கண்டிஷன் ஒவ்வொண்ணையும் போட்டு அடிச்சுப் பாருங்க. மிச்சம் நிக்கிறவங்கள்லயும் எல்லாரும் சம்மதிக்க மாட்டாங்க. கம்மியான நம்பர் சொல்ல வெட்கப்படாதீங்க, ஒரு பேஷன்ட்கூட சேர்க்காத சைட்டுக்கும் (டிரையல்ல இருக்குற ஆஸ்பத்திரிக்கும்) எதிக்ஸ் கமிட்டி, ஒப்பந்தம், டிரெய்னிங்னு செலவு ஆகத்தான் செய்யுது.

அடுத்தது, வார்டு நர்ஸ்கிட்ட "கூடவே இதையும் பாத்துக்கோம்மா"ன்னு தூக்கிக் கொடுக்குறது. ஸ்க்ரீனிங் லாக் (யாரை எல்லாம் டிரையலுக்குப் பார்த்தோம்ங்கிற பதிவேடு) எழுதணும், சாம்பிள் அனுப்பணும், டேட்டா ஏத்தணும், டேட்டாவை சரிபார்க்க வர்ற மானிட்டர் கேட்குற கேள்விக்கு பதில் சொல்லணும், இதெல்லாம் ஷிப்ட்டுக்கு நடுவுல நடக்காது. இந்த வேலையைப் பார்க்குற கோஆர்டினேட்டருக்குன்னு தனி நேரம் வேணும். பணம் பெரும்பாலும் சேர்த்த பேஷன்ட் கணக்குக்குத்தான் வரும், அதுவும் லேட்டா, அதனால ஆரம்பச் செலவை ஒப்பந்தத்துலயே தனியா கேட்டு வாங்குங்க.

கன்சென்ட், அதாவது பேஷன்ட்கிட்ட சம்மதம் வாங்குற விஷயம் கொஞ்சம் நுணுக்கம். பழைய வெர்ஷன் ஃபார்ம்ல கையெழுத்து வாங்குறது, கையெழுத்துக்கு முன்னாடியே டிரையலுக்கான டெஸ்ட் எடுக்குறது, இதெல்லாம் ஆடிட்ல மாட்டும், சரி. மாட்டாத தப்பு ஒண்ணு இருக்கு. சின்ன ஆஸ்பத்திரியில டாக்டரும் பேஷன்ட்டும் வருஷக்கணக்கா பழகினவங்க, "நீங்க சொன்னா சரிதான் டாக்டர்"னு படிக்காமலே கையெழுத்து போடுவாங்க. அது சம்மதம் இல்ல, மரியாதை! முடிஞ்சா சிகிச்சை தர்ற டாக்டர் இல்லாம வேற ஒருத்தர் உட்கார்ந்து விளக்கட்டும், வேண்டாம்னா வழக்கமான சிகிச்சை குறையாதுன்னு தெளிவா சொல்லட்டும், யோசிக்க நேரம் கொடுக்கட்டும்.

சீரியஸ் அட்வர்ஸ் ஈவென்ட்டுக்கு (டிரையல்ல இருக்குறவருக்கு உயிருக்கு ஆபத்து, ஆஸ்பத்திரியில சேர்க்குறது மாதிரி பெரிய பாதிப்பு வந்தா), மருந்தாலதான் வந்துச்சான்னு முடிவு பண்ணிட்டு சொல்லலாம்னு காத்திருக்காதீங்க, பொதுவா தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள டிரையல் நடத்துறவங்களுக்கு ரிப்போர்ட் போயாகணும். ரெக்கார்டுல எழுத விட்டுப்போனதை பழைய தேதி போட்டு எழுதவே கூடாது, இன்னைக்கு தேதி போட்டு லேட்டா எழுதினதுன்னு குறிங்க.

முதல் டிரையலையே சிக்கலானதா எடுக்குறவங்களும் இருக்காங்க. 2020ல பிரிட்டன்ல கோவிட் சிகிச்சைக்காக நடந்த ரெகவரி டிரையல்ல ஃபார்ம் சின்னது, கேட்ட டேட்டாவும் கொஞ்சம், அதனாலதான் கோவிட் நெரிசல்லயும் 175க்கும் மேல ஆஸ்பத்திரிங்களால கலந்துக்க முடிஞ்சுது, டெக்ஸாமெதாசோன்ங்கிற ஸ்டீராய்டு மருந்தோட ரிசல்ட் ஜூன் மாசமே வந்துடுச்சு. அப்படி ஒண்ணுல கை பழகுங்க.

இன்னொண்ணு, மாத்திரையை நிறுத்திட்டார்னு பேஷன்ட்டை லிஸ்ட்லருந்தே எடுத்துடுறாங்க. மருந்தை நிறுத்தினவர் வேற, டிரையலை விட்டே விலகுறேன்னு சொன்னவர் வேற. முதல் ஆளுக்கு ஃபாலோ-அப் கடைசி வரைக்கும் போகணும், அவங்களை விட்டா ரிசல்ட்டே ஒரு பக்கமா சாஞ்சிடும். சேர்க்குற அன்னைக்கே சொந்தக்காரங்க ரெண்டு பேர் போன் நம்பரையும் வாங்கி வச்சுக்கோங்க.