சாயப்பட்டறை பாய்லர்: பர்னர் கண்ட்ரோலுக்கு லெவல், பிரஷர் சென்சார் இணைப்பது எப்படி?

திருப்பூர் பக்கம் சாயப்பட்டறைகளில் ஓடும் சின்ன பாய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டீசலில் எரியும் பர்னர். பெயர்ப்பலகையில் தாண்டக்கூடாத உச்ச பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு 10.54 கிலோ என்று போட்டிருக்கும். ஓட்டுவது 7, 8 கிலோவில். பேனலில் இருக்கும் கண்ட்ரோலருக்குக் கண் கிடையாது. சென்சார் சொல்வதுதான் அதற்கு வேதவாக்கு.

வயரைத் தொடும் முன் ஒன்று. வயர் அறுந்தாலும், டெர்மினல் லூஸானாலும், சப்ளை போனாலும் பர்னர் அணைய வேண்டும். கீழே வரும் இணைப்புகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

படி 1: எது அளக்கிறது, எது தடுக்கிறது?

பிரஷர் டிரான்ஸ்மிட்டர் அளந்து சொல்லும். அதை வைத்து கண்ட்ரோலர் தீயைக் கூட்டும், குறைக்கும். ஹை பிரஷர் ஸ்விட்சும் லோ வாட்டர் எலக்ட்ரோடும் தடுப்பவை. இரண்டு வேலைக்கும் ஒரே சென்சாரை வைத்துச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். அது தப்பாகக் காட்டினால் தடுப்பும் அதே தப்பை நம்பி சும்மா இருக்கும்.

படி 2: பிரஷர் டிரான்ஸ்மிட்டர்

0 முதல் 16 கிலோ ரேஞ்ச் உள்ளதாக வாங்கினால் கணக்கு சுலபம். சிக்னல் 4 முதல் 20 மில்லி ஆம்பியர். ஒரு கிலோவுக்கு ஒரு மில்லி ஆம்பியர் ஏறும். 8 கிலோவுக்கு 12 மில்லி ஆம்பியர்.

பூஜ்யத்துக்கு ஏன் 4? வயர் அறுந்தால் கரண்ட் 0. பிரஷர் இல்லாமல் இருந்தால் 4. இந்த வித்தியாசம் இல்லாவிட்டால், வயர் அறுந்த பாய்லரைப் பார்த்து கண்ட்ரோலர் "பிரஷரே இல்லை, முழுத் தீ வை" என்று முடிவு கட்டிவிடும். அதனால் 3.6க்குக் கீழே போனாலோ 21க்கு மேலே போனாலோ ஃபால்ட் என்று எடுத்து பர்னரை அணைக்கும்படி செட்டிங்கில் போட்டுவிடுங்கள்.

24 வோல்ட் டிசி சப்ளையின் பிளஸ், டிரான்ஸ்மிட்டர் பிளஸுக்கு. அதன் மைனஸ், கண்ட்ரோலரின் அனலாக் இன்புட்டுக்கு. இன்புட்டின் காமன், சப்ளை மைனஸுக்கு. சிக்னல் கேபிளைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்கள். மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

நீராவி நேராக டிரான்ஸ்மிட்டரைத் தொடக்கூடாது. இடையில் சைஃபன் குழாய் (தண்ணீர் தேங்கி நிற்கும் வளைந்த குழாய்) போட்டு, வால்வைத் திறக்கும் முன்பே அதில் தண்ணீர் நிரப்புங்கள். டிரான்ஸ்மிட்டரை 2 மீட்டர் கீழே இறக்கி மாட்டியிருந்தால், குழாயில் நிற்கும் தண்ணீரே 0.2 கிலோ சேர்த்துக் காட்டும். பாய்லர் ஆறியிருக்கும்போது 4.2 மில்லி ஆம்பியர் வந்தால் டிரான்ஸ்மிட்டரைக் குறை சொல்லாதீர்கள். அந்த உயரத்தைக் கழித்து பூஜ்யத்தைச் சரிசெய்யுங்கள்.

படி 3: தண்ணீர் லெவல்

எலக்ட்ரோடு என்பது வெறும் கம்பி. தண்ணீர் தொட்டால் கரண்ட் ஓடும், ரிலே (கரண்டில் இயங்கும் ஸ்விட்ச்) இழுக்கும். கம்பியில் உப்பு படியாமலும் அரிக்காமலும் இருக்க இதற்கு ஏசிதான் கொடுப்பார்கள். லோ வாட்டருக்கு இரண்டு கம்பி: முதலாவது, அலாரம் அடித்து பர்னரை நிறுத்தும், தண்ணீர் ஏறினால் தானே விடும். இன்னும் கீழே இருக்கும் இரண்டாவது, லாக்அவுட். ஆள் வந்து கையால் ரீசெட் பண்ணினால்தான் பர்னர் திரும்ப எடுக்கும்.

தண்ணீர் இருக்கும்போது ரிலே இழுத்த நிலையில் இருக்கும்படி இணையுங்கள். வயர் அறுந்தால் ரிலே விழும், பர்னர் அணையும்.

ஆனால் இந்தக் கணக்குக்குச் சிக்காத ஃபால்ட் ஒன்று உண்டு. எலக்ட்ரோடைப் பிடித்திருக்கும் இன்சுலேட்டரில் உப்பும் ஈரமும் படிந்தால், கரண்ட் அது வழியாகவே பாய்லர் பாடிக்குப் போய்விடும். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும் ரிலே "இருக்கிறது" என்று இழுத்துக்கொண்டே நிற்கும். கழற்றித் துடைப்பதும், படி 5இல் வரும் சோதனையும்தான் இதற்கு வழி.

படி 4: ஒரே சங்கிலி

லோ வாட்டர் ரிலே, ஹை பிரஷர் ஸ்விட்ச், ஃபேன் காற்று ஸ்விட்ச் எல்லாவற்றின் கான்டாக்டும் சீரிஸில் போக வேண்டும், ஏதாவது ஒன்று திறந்தாலும் பர்னர் அணையும்படி. ஹை பிரஷர் ஸ்விட்சில் சாதாரணமாக மூடியிருக்கும் கான்டாக்டை எடுங்கள். பர்னர் நிற்பது 8 கிலோவில் என்றால், ஹை பிரஷர் 9.5இல். சேஃப்டி வால்வு அதற்கும் மேலே, ஆனால் 10.54ஐத் தாண்டாமல்.

ஒரு பட்டறையில் பேனலைத் திறந்தபோது, லோ வாட்டர் டெர்மினல் இரண்டையும் ஒரு அங்குல சிவப்பு வயர் ஷார்ட் பண்ணியிருந்தது. யார் போட்டது, எப்போது போட்டது, யாருக்கும் தெரியவில்லை. அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று ஏதோ ஒரு நைட் ஷிஃப்டில் போட்டிருப்பார்கள். டிரிப்புக்குக் காரணம் தேடுங்கள், வயர் தேடாதீர்கள்.

படி 5: சோதனை

சர்டிபிகேட் உள்ள பாய்லர் ஆபரேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். தீ எரியும்போது டிரான்ஸ்மிட்டர் வயரைக் கழற்றுங்கள். பர்னர் அணைய வேண்டும். ஒவ்வொரு எலக்ட்ரோடு வயருக்கும் இதே. பிறகு பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்பை நிறுத்தி, தண்ணீரை வெளியேற்றும் புளோ டவுன் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸை விட்டுக் கண்ணை எடுக்காமல் நில்லுங்கள். கிளாஸில் தண்ணீர் தெரியும்போதே பர்னர் டிரிப் ஆக வேண்டும். ஆகாமல் தண்ணீர் அடியை நெருங்கினால், காத்திருக்காமல் பர்னரைக் கையால் நிறுத்தி வால்வை மூடுங்கள்.

முடிந்ததும் பிரஷர் கேஜ் முள் காட்டியது, மீட்டரில் வந்த மில்லி ஆம்பியர், டிஸ்பிளேயில் தெரிந்தது, மூன்றையும் தேதி போட்டு லாக் புக்கில் எழுதுங்கள். அடுத்த மாதம் ஒன்று மட்டும் விலகி நின்றால் எங்கே கை வைப்பது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.