வட்டமாக உட்காரவைப்பதற்கு முன்

தண்டையார்ப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளில் புதிதாகச் சேரும் ஆசிரியர்கள், சண்டையிட்ட பிள்ளைகளைத் தண்டிக்காமல் வட்டமாக அமர்த்திப் பேசவைக்க முனைவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைக் காணும்போது மனம் பதறுகிறது. பிரம்பு கூடாது என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை.

தனித்தனியாகக் கேட்காமல் நேருக்கு நேர் அமர்த்துவது

இன்றும் என்னை உறுத்தும் தவறு இது. நான்காம் வகுப்பில் ஒருவன் பக்கத்திலிருந்தவனைத் தண்ணீர் பாட்டிலால் அடித்துவிட்டான். மதிய உணவு முடிந்ததும் இருவரையும் பாயில் எதிரெதிரே அமர்த்தி, என்ன நடந்தது, யாருக்கு வலித்தது, சரிசெய்ய என்ன செய்யலாம் என்று வரிசையாகக் கேட்டேன். அடித்தவன் பாயின் கோரையை நகத்தால் பிரித்துக்கொண்டே இருந்தானே தவிர, வாய் திறக்கவில்லை. அதைத் திமிர் என்று எண்ணி மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், கேட்டான். மறுநாள் முதல் நான்கு நாள்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள், காசிமேட்டில் மீன் விற்கும் அவன் தாய் வந்து சொன்ன பிறகே எனக்கு விஷயம் தெரிந்தது. "உன் மேல கவுச்சி அடிக்குது, தள்ளி உக்காரு" என்று இரண்டு வாரமாக அவனை ஒதுக்கியிருக்கிறார்கள். அதைத் தொடங்கிவைத்தவனே அடிவாங்கிய பையன். தன் தாயின் தொழிலைப் பழித்த சொல்லை, பழித்தவன் முன்னாலேயே திரும்பச் சொல்ல எந்தப் பிள்ளைக்கு நா எழும்?

நியூசிலாந்து 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இளையோர் குற்றங்களுக்கு, தவறு செய்தவரும் குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவரும் கூடிப் பேசும் குடும்பக் கூட்டத்தைக் கொண்டுவந்தபோது, கூட்டத்துக்கு முன்பே ஒருங்கிணைப்பாளர் குடும்பத்தாரைக் கலந்துபேச வேண்டும் என்று வைத்தது. நமக்கு அத்தனை ஏற்பாடு வேண்டாம். வராந்தாவில் ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். அதே கேள்விகளைத் தனியாகக் கேளுங்கள். சேர்ந்து உட்காரச் சம்மதமா என்றும் கேளுங்கள். ஒரு பிள்ளை மறுத்தாலும் அன்று வட்டம் வேண்டாம்.

சூடு ஆறும் முன் பேசவைப்பது

கூடாது.

வட்டத்தை விசாரணைக் கூடமாக்குவது

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வகுப்பே சுற்றி அமர்ந்து ஒரு பிள்ளையைக் குடைவது எந்தப் பக்கம் சேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

பேசி முடித்ததும் மறந்துவிடுவது

ஒத்துக்கொண்டதைக் குறித்துவைத்து, ஒரு வாரம் கழித்து இருவரிடமும் மீண்டும் தனியாகக் கேளுங்கள். பாட்டிலால் அடித்த அந்தப் பையனிடம் நான் கேட்டபோது, "இப்போ பக்கத்துல உக்கார்றான் மிஸ், ஆனா சாப்பிடும்போது மட்டும் எந்திரிச்சுப் போயிடுறான்" என்றான். மறுநாள் இருவரிடமும் மறுபடி முதலிலிருந்து பேசினேன்.