எலி கடித்த ஒயரும் நான் சுற்றிய டேப்பும்

போன வாரம் எங்கள் மெக்கானிக் கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி, எலி கடித்த கார் ஒயரை முறுக்கி, டேப்பைப் பல்லால் கடித்து இழுத்துச் சுற்றிவிட்டு, "அண்ணே, ஸ்டார்ட் ஆயிருச்சுண்ணே" என்று சிரித்தான். எலி ஒரு கடி, இவன் ஒரு கடி. 13 வருஷத்துக்கு முன்னால் இதே சிரிப்போடு நானும் ஒரு வண்டியை அனுப்பி வைத்தேன்.

மதுரையில் ஐப்பசி மழை பிடித்தால் எங்களுக்கு எலி சீசன். பொந்தில் தண்ணீர் ஏறியதும் சூடான இன்ஜின் பக்கம் வந்து அண்டிக்கொள்ளும். குப்பைத் தொட்டி பக்கத்தில் வண்டியை நிறுத்தாதே, உள்ளே தின்பண்டம் போடாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தொழிலில் இருக்கிறவர்களே செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முறுக்கி டேப் சுற்றுவது

கீழமாசி வீதி பருப்புக் கடைக்காரர் ஒருவரின் டீசல் கார். மூன்று ஒயர் அறுந்திருந்தது. சீவி, முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றினேன். இன்ஜின் லைட் அணைந்தது. பத்து நிமிஷ வேலை, 300 ரூபாய்.

பன்னிரண்டாம் நாள் வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏற்றத்தில் நின்றுகொண்டு போன் செய்தார். வண்டி இழுக்கவில்லை, மீட்டரில் நாலு லைட் எரிகிறது. ரெக்கவரி வண்டிக்கு என் கைக்காசு. கடைக்கு வந்ததும் ஸ்கேனர் போட்டால் ஆக்சிலரேட்டர் பெடல், பிரஷர் சென்சார் என்று வரிசையாகக் கோளாறு காட்டியது. அதை நம்பி பெடல் ஒன்று வாங்கி மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை. ஒருமுறை மாட்டியதை உதிரிபாகக் கடைக்காரர் திரும்ப எடுப்பாரா? அந்தப் பெடல் இன்னும் என் மேஜைக்கடியில் கிடக்கிறது. காலில் இடறும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

கோளாறு நான் சுற்றிய டேப்பில்தான் இருந்தது. இன்ஜின் சூட்டில் பசை இளகி டேப் நழுவியிருந்தது. மூன்று முறுக்கும் ஒரே இடத்தில், பக்கம் பக்கமாக. அதில் ஒன்று சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் ஒயர், அடுத்தது எர்த். இரண்டும் தொட்டதும், அந்த 5 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும் சென்சார் எல்லாம் சேர்ந்தே படுத்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன்: எலி கடித்த வண்டியில் ஒரே நேரத்தில் நாலு சென்சார் போனதாக ஸ்கேனர் காட்டினால் சென்சார் வாங்க ஓடாதீர்கள். ஒயரைப் பாருங்கள்.

இப்போது நான் செய்வது இப்படி. முதலில் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிடுவேன். எலி மூத்திரம் பட்ட செம்பு பச்சை பூத்திருக்கும். பளபளவென்று செம்பு தெரியும் வரை பின்னால் வெட்டிக்கொண்டே போவேன். அதே கனத்தில் புது ஒயர். சூடு காட்டினால் சுருங்கி ஒயரைப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை முதலில் கோத்துவிட்டுத்தான் சால்டரிங். இதை மறந்துவிட்டு, பற்றவைத்த ஒயரைத் திரும்ப வெட்டாத பையன் எங்கள் கடையில் இருந்ததில்லை. இணைப்புகள் பக்கம் பக்கமாக வராமல் ஒன்றுக்கொன்று இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். மேலே துணி டேப்.

இரண்டு ஒயர் ஜடை மாதிரிப் பின்னி வந்தால் அது பெரும்பாலும் கேன் லைன், வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒயர். பிரித்து நீட்டமாக விடாதீர்கள், அதே பின்னலோடு சேர்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில், பேட்டரி கழற்றிய நிலையில் அந்த இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் அளவில் காட்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் இன்னும் அறுந்திருக்கிறது.

ஒரு கடியோடு தேடலை நிறுத்துவது

இன்ஜின் மேல்மூடி, பேட்டரி தட்டு, கிளவ் பாக்ஸ் பின்னால் ஏசி ஃபில்டர். மூன்றையும் திறந்து பாருங்கள். பானெட் பஞ்சு கிழிந்திருந்தால் கூடு உள்ளேதான்.

விஷம் வைப்பது

கடைகளில் விற்கும் மருந்து பலவற்றில் எலி உடனே சாகாது. மூன்று நாலு நாள் கழித்து, பெரும்பாலும் நம் கை எட்டாத இடத்தில் போய்ச் சாகும். ஒரு வண்டியில் ப்ளோயருக்குள் போய்ச் செத்தது. ஏசி போட்டாலே நாற்றம். டேஷ்போர்டையே இறக்கினோம். பொறி வையுங்கள், வண்டிக்கு வெளியே.

பாச்சை உருண்டை

வாசனை உங்களுக்கு, வண்டி எலிக்கு.

மஞ்சள் ஒயர்

ஏர்பேக். தொடாதீர்கள்.

பிரித்த பிறகு இன்சூரன்ஸைக் கேட்பது

தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் பேச்சே இல்லை. ஃபுல் கவர் இருந்தால் எலிக் கடிக்கு உண்டா என்று பாலிசியைப் பாருங்கள். படம் எடுத்து, சொல்லிவிட்டு, பிறகு கை வையுங்கள். 2,000 ரூபாய் வேலைக்கு கிளெய்ம் போட்டு, 50 சதவீதம் வரை சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸைத் தொலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

வெறும் கை

எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தில்தான் வருகிறது. கையுறை பத்து ரூபாய்.